காட்டு வேலைக்காரர் மியூசியத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

மே 4, காலை

மலையடிவாரத்தில் ஒரு பழைய வன பங்களாவைக் காட்டு வேலைக்காரர் வரலாற்று மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். ரெண்டே அறை. ரெண்டு ரம்பம், நாலு கோடாலி, ஒரு யானைச் சங்கிலி, ஒரு சுத்தியல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கூலிப் பேரேடு, சுவரில் பத்துப் பன்னிரண்டு போட்டோ. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. இதற்காக அறுபது கிலோமீட்டர் போவதைவிட நேராக நிலம்பூர் தேக்கு மியூசியத்துக்கே போய்விடலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மே 4, மதியம்

நிலம்பூர் போங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். 1995-ல் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் திறந்தது. வாசலில் ஒரு தேக்கின் முழு வேர்த்தொகுதி, உள்ளே ‘உரு’ என்ற மரக்கப்பலின் மாதிரி என்று நன்றாகவே இருக்கும். ஆனால் அது மரத்துக்கான மியூசியம். 1840-களில் அங்கே தோட்டம் போட்ட கதையில் மலபார் கலெக்டர் கனோலி பெயர் வரும், அவருக்குக் கீழே வேலையை நடத்திய சாத்து மேனன் பெயர் வரும். அதற்குக் கீழே யாரும் வரமாட்டார்கள். நீங்கள் சொல்லும் ரெண்டு அறையில் அந்தக் கீழே உள்ள ஆட்கள்தான் இருக்கிறார்கள். லேபிளில் தேடினால் கிடைக்காது, இரும்பின் தேய்மானத்தில் தேடவேண்டும்.

மே 4, இரவு

ரம்பத்தில் தொடங்குவோம். ரெண்டு ரம்பம் என்றீர்கள், ரெண்டும் ஒரே வகையா?

முதலில் முதுகைப் பாருங்கள், பல்லை அப்புறம் பார்க்கலாம். முதுகு உள்வாங்கி வளைந்திருந்தால் நிற்கிற மரத்தைச் சாய்க்கும் ரம்பம். முதுகு நேராக, தகடு கனமாக இருந்தால் விழுந்த மரத்தடியைத் துண்டு போடுவது. சாய்க்கும் ரம்பத்தின் முதுகு உள்வாங்கியிருப்பது அழகுக்காக அல்ல. வெட்டு கொஞ்சம் ஆழம் போனதுமே ரம்பத்துக்குப் பின்னால் ஆப்பு அடிக்கவேண்டும். தகடு அகலமாக இருந்தால் ஆப்புக்கு இடம் கிடைக்காது. மரம் பின்னால் உட்கார்ந்து ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். நீளம் பெரும்பாலும் 5 முதல் 7 அடி.

அடுத்தது பல்வரிசை. புது ரம்பத்தில் பல்வரிசை வில் மாதிரி லேசாக வெளியே வளைந்திருக்கும். இழுப்பில் நடுப்பகுதிதான் அதிகம் வேலை செய்யும், அரமும் அங்கேதான் அதிகம் போடுவார்கள். வருஷக்கணக்கில் உழைத்த ரம்பத்தில் அந்த வில் தட்டையாகிப்போயிருக்கும். தகட்டின் அகலத்தை நடுவிலும் பிடிக்குப் பக்கத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு எஃகு அரத்தில் போனது என்று தெரியும்.

பல் எல்லாம் ஒரே மாதிரி முக்கோணமாக இருந்தால் பழைய பாணி. ரெண்டு அல்லது நாலு வெட்டும் பல்லுக்கு ஒரு பிளவுபட்ட பல் இருந்தால் அது வாரும் பல். வெட்டும் பல் நாரை ரெண்டு பக்கமும் கீறும், வாரும் பல் நடுவில் உள்ளதைச் சீவி வெளியே கொண்டுவரும். வாரும் பல்லின் நுனி, வெட்டும் பல்லின் நுனியைவிட கால் மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோ தாழ்ந்திருக்கவேண்டும். மூன்று காகிதத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் தாழ்ந்தால் மாவு மாதிரித் தூள்தான் வரும், ரம்பம் முன்னேறாது. தாழ்வு போதவில்லையென்றால் ரம்பம் தடுக்கித் தடுக்கி வரும், வருகிற சுருளின் ஓரத்தில் மயிர் மாதிரி நார் தொங்கும். சரியாக அரம் போட்ட ரம்பம் நீளமான சுத்தமான சுருளாகத் தள்ளும். அரம் போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கும்பலின் ஒருநாள் வேலையே மாறிவிடும். காட்டுக் கும்பலில் உடம்புப் பலத்துக்கு மேலே மதிப்பு இருந்த கைவேலை இதுதான்.

மே 5, காலை

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. தேக்கு ரம்பத்துக்கு எதிரி. மரத்துக்குள் மணலில் இருக்கும் அதே சிலிக்கா இருக்கிறது, எடையில் 1.4 சதவீதம் வரைகூடப் போகும். எண்ணெய்ப் பசையுள்ள மரம், வழுவழுவென்று அறுபடும் என்று நினைத்தால் பல் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் தேக்குக் காட்டிலிருந்து வந்த ரம்பத்தில் அரத் தேய்மானம் கூடுதலாகத் தெரிவது இயல்பு. அதை மட்டும் வைத்து வயசு சொல்லிவிடாதீர்கள்.

மே 5, காலை (கொஞ்ச நேரம் கழித்து)

இன்னொரு சந்தேகம். லேபிளில் ரெண்டு ரம்பத்துக்கும் 'மரம் வெட்டும் ரம்பம்' என்றே போட்டிருந்தால் நம்பவேண்டாம். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும், பற்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தும் இருந்தால் அது பலகை அறுக்கும் ரம்பம். நாருக்குக் குறுக்கே வெட்டுவதல்ல, நாரோடு போவது. தடியைக் குழிமேலோ சாரத்தின் மேலோ ஏற்றிவைத்து, மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள். கீழே இழுக்கும்போது மட்டும்தான் வெட்டும். மேலே நிற்பவர் தூக்குவார், நூல் போட்ட கோட்டைவிட்டு விலகாமல் பார்ப்பார். கீழே நிற்பவர் இழுப்பார், தூள் முழுக்க அவர் கண்ணிலும் மூக்கிலும். கீழ்ப்பிடி கழற்றும்படி இருக்கும். தாங்குகட்டை குறுக்கே வந்ததும் பிடியைக் கழற்றி, ரம்பத்தை உருவி, மறுபக்கம் நுழைக்கத்தான். மியூசியங்களில் காணாமல்போவது பெரும்பாலும் அந்தக் கழற்றும் பிடிதான். ஒரு பக்கம் பிடியில்லாமல் தொங்குகிற ரம்பம் உடைந்தது என்று நினைக்கவேண்டாம்.

மே 5, மாலை

அப்படியென்றால் இத்தனை நாள் நான் 'உடைந்த ரம்பம்' என்று படம் எடுத்துப் போட்டதெல்லாம்...

மே 5, மாலை

பலகை ரம்பம். படத்தை அழிக்கவேண்டாம், தலைப்பை மட்டும் மாற்றுங்கள்.

மே 6

சுத்தியலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது ஆணி அடிக்கிற சுத்தியல் அல்ல, முத்திரைச் சுத்தியல். முகத்தில் எழுத்து திருப்பிப்போட்டு இருக்கும், அடித்தால் மரத்தில் நேராக விழும். லேபிளில் இருக்கும் எழுத்தும் சுத்தியலில் இருக்கும் எழுத்தும் பொருந்தவில்லை என்று வருகையாளர் ஏட்டில் புகார் எழுதுகிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கலாம்.

வேலை இப்படி நடக்கும். வெட்டவேண்டிய மரத்தைத் தேர்ந்து, பட்டையை ரெண்டு இடத்தில் செதுக்குவார்கள். ஒன்று நெஞ்சு உயரத்தில், 1.37 மீட்டர். மற்றது அடியில், வெட்டு விழும் இடத்துக்குக் கீழே. ரெண்டிலும் சுத்தியல் முத்திரை, வரிசை எண். மரம் போனபிறகும் அடிக்கட்டையில் முத்திரை நிற்கும். சோதனைக்கு வருகிறவர் கட்டைகளை எண்ணி, முத்திரையில்லாத கட்டை இருந்தால் அது திருட்டு வெட்டு என்று பிடிப்பார். ஆக சுத்தியல் யார் கையில் இருந்தது என்பது அதிகாரக் கேள்வி. செதுக்குவது கூலியாள், அடிப்பது சீருடைக்காரர்.

அடிக்கட்டை ஏதாவது காட்சிக்கு வைத்திருந்தால் செல்போன் டார்ச்சைக் கட்டைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மறைந்துபோன முத்திரைகூட எழுந்துவரும். சுண்ணாம்புக்கட்டி தேய்த்துப் படிக்கவே கூடாது, துளையில் புகுந்தால் எடுக்கமுடியாது.

மே 6, இரவு

அடிக்கட்டை கிடைத்தால் இன்னொன்றும் படிக்கலாம். மரம் விழவேண்டிய பக்கம் முதலில் வாய் வெட்டுவார்கள், விட்டத்தில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை ஆழம். பிறகு எதிர்ப்பக்கம், வாயின் அடித்தளத்தைவிட ரெண்டு மூன்று விரல் உயரத்தில், ரம்பம் போடுவார்கள். ரெண்டும் சந்திக்கவிடக் கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நாரை விட்டுவைத்தால் அது கீல் மாதிரி மடங்கி, மரத்தை நினைத்த திசையில் இறக்கும். கட்டையின் குறுக்கே பிய்ந்த நார் ஒரு பட்டையாக நிற்கும், அதுதான் கீல். பட்டை ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால், மரத்தைக் கனமான பக்கத்துக்கு வேண்டுமென்றே இழுத்திருக்கிறார்கள் அல்லது ஒருவர் மற்றவரைவிட வேகமாக இழுத்துவிட்டார். பட்டையே இல்லையென்றால் கீலை அறுத்துவிட்டார்கள், மரம் இஷ்டத்துக்குப் போயிருக்கும். ஆள் சாவது அப்படித்தான்.

மே 7

கோடாலி: நாலும் ஒரே மாதிரி அல்ல என்று பந்தயம். வாயை நேராக மேலிருந்து பாருங்கள். ரெண்டு பக்கமும் சாய்ந்து இறங்கினால் வெட்டும் கோடாலி. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சாய்வு என்றால் சதுரம் செதுக்குவது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, யாராவது யானைக்கு வாருங்கள்.

மே 7, இரவு

யானைக்கு வந்தாயிற்று.

சங்கிலி எது என்று முதலில் தீர்மானிக்கவேண்டும். கட்டிப்போடும் சங்கிலி வேறு, தடி இழுக்கும் சங்கிலி வேறு. இழுவைச் சங்கிலியில் முனையில் பெரிய வளையமோ கொக்கியோ இருக்கும், தடியைச் சுற்றி இறுக்க. வளையங்களின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் தரையில் உராய்ந்தது. வளையமும் வளையமும் தொடும் உள்பக்கம் தேய்ந்திருந்தால் அது பாரம் தாங்கிய தேய்மானம். ரெண்டும் இருக்கிற சங்கிலி நிஜமாக வேலை பார்த்தது.

ராத்திரி மேய யானையை அவிழ்த்துவிடும்போது காலில் ஒரு நீளச் சங்கிலியைத் தொங்கவிடுவார்கள். யானை இழுத்துக்கொண்டே போகும், மண்ணில் கோடு விழும். விடியலில் மாவுத்தரும் அவருடைய உதவியாளான காவடியும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பாறையில் கோடு விழாது, அங்கே காது வேண்டும்: கழுத்து மணி. மர மணியோ மூங்கில் மணியோ, ஒவ்வொன்றும் கையால் குடைந்தது, ஒவ்வொன்றுக்கும் வேறு ஓசை. தன் யானையின் மணியை மற்ற மணிகளிலிருந்து பிரித்துக் கேட்கத் தெரியாத மாவுத்தருக்கு வேலை தொடங்கவே மதியமாகிவிடும். மியூசியத்தில் மணி இருந்தால் 'அலங்கார மணி' என்று லேபிள் போட்டிருப்பார்கள். அது அலங்காரமே அல்ல.

மரப்பட்டை நாரால் முறுக்கிய தடித்த கயிறு இருந்தால் கொண்டாடுங்கள். மலபார் பக்கம் யானை கயிற்றை வாயில் கடித்து இழுக்கும் வழக்கம் இருந்தது. மார்புப் பட்டை கட்டி இழுப்பதைவிட மாவுத்தருக்கு வசதி. தடி சரிவில் ஓடத் தொடங்கினால் யானை வாயைத் திறந்தால் போதும், தப்பிவிடும். மார்புப் பட்டை என்றால் தடியோடு சேர்ந்து போகவேண்டியதுதான். ஆனால் அதற்கு யானை கொடுக்கும் விலை பல். யானைக்கு ஆயுளில் கடைவாய்ப்பல் ஆறு தடவைதான் முளைக்கும், அதற்குமேல் கிடையாது.

தடியின் முனையையும் பாருங்கள். இழுக்கிற தடியின் முன்முனையைச் செதுக்கி மூக்கு மாதிரி உருட்டியிருப்பார்கள். செதுக்காவிட்டால் மண்ணில் குத்தி நின்றுவிடும், யானை முழங்காலில் விழும்.

மே 8

எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்கு. சுற்றளவு 72 அங்குலம், நீளம் 16 அடி உள்ள தடி. மரக்கடையில் இன்றும் போடும் கால்சுற்றளவுக் கணக்கு: 72-ல் கால் 18. 18-ஐ 18-ஆல் பெருக்கி, 16-ஆல் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 36 கன அடி. வட்டத்தின் நிஜப் பரப்பை வைத்துப் போட்டால் 45.8 கன அடி வரும். எந்தத் தடியை எடுத்தாலும் கால்சுற்றளவு முறை 78.5 சதவீதம்தான் காட்டும், மிச்சம் 21.5 கணக்கில் வராது.

இந்தத் தடி நன்றாகக் காய்ந்திருந்தால் சுமார் 850 கிலோ. பச்சையாக இருந்தால் 1,300 கிலோ பக்கம். யானை இழுப்பது நிஜ எடையை. கூலி போடுவது கணக்கு எடைக்கு. ஆக கூலிக்காரர் ஒவ்வொரு தடியிலும் ஐந்தில் ஒரு பங்கு ஏமாற்றப்பட்டார்.

மே 9

அண்ணே, கடைசி வரியை வாபஸ் வாங்குங்கள். கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போதே அந்தக் கன அடி கால்சுற்றளவுக் கன அடி என்று ரெண்டு தரப்புக்கும் தெரியும். வாங்குகிறவர், விற்கிறவர், அறுக்கிறவர் எல்லாருக்கும் அதே அளவுதான். அந்த முறை சதுரமாகச் செதுக்கும்போது போகிற கழிவுக்கு ஈடு என்பது வியாபாரிகள் சொல்லும் நியாயம். ஏமாற்று நடக்கும் இடம் வேறு. நாடாவைப் பட்டைக்கு மேலே சுற்றுவதா, பட்டையை உரித்துவிட்டுச் சுற்றுவதா. நடுவில் சுற்றுவதா, ஒடுங்கிய முனையில் சுற்றுவதா. மிச்சமாக வரும் அரை அங்குலத்தைத் தள்ளுவதா. சுற்றளவில் 2 அங்குலம் குறைத்தால் மேலே சொன்ன தடி 36-லிருந்து 34 கன அடிக்கு இறங்கும். சூத்திரத்தைவிட நாடா பிடித்த கைதான் முக்கியம்.

மே 9, இரவு

வாபஸ். சூத்திரத்தின்மேல் போட்ட பழி நாடா பிடித்தவர்மேல் போகட்டும்.

பச்சைத் தேக்கு என்றதும் ஞாபகம் வந்தது. பச்சையாக வெட்டிய தேக்கு தண்ணீரில் மிதக்காது. பர்மாவில் அதனால்தான் வெட்டுவதற்கு ரெண்டு மூன்று வருஷம் முன்பே அடிமரத்தைச் சுற்றி, வெள்ளையை (சாறு ஏறும் வெளிமரத்தை)த் தாண்டி வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) வரை ஒரு வளையம் வெட்டி நிற்கவிட்டார்கள். மரம் நின்றபடியே சாகும், காயும். வளையத்தில் ஒரு விரல் அகலம் வெள்ளை விட்டுப்போனாலும் சாறு ஏறும், மரம் சாகாது, வேலை வீண். மலபாரில் கனத்த தடிக்கு மூங்கில் கட்டு சேர்த்து ஆற்றில் விட்டார்கள், சாலியாறு வழியாகக் கோழிக்கோட்டுக் கல்லாய் வரை. மூங்கில் வெட்டுகிறவர், கட்டுகிறவர், தெப்பத்தோடு போகிறவர் என்று அதற்குத் தனிக் கூலிக் கூட்டம். ரம்பத்தையும் யானையையும் காட்டுகிற மியூசியம் மூங்கில் கட்டைக் காட்டாது. மூங்கில் மக்கிப்போகும், இரும்பு நிற்கும். காட்சியில் எது இருக்கிறது என்பதைக் கரையானும் தீர்மானிக்கிறது.

மே 11

இப்போது பேரேடு. கண்ணாடிக்குள் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும், அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கூலித்தொகை மூன்று எண்ணாக இருந்தால், உதாரணமாக 0–6–0, ரூபாய்–அணா–பைசா அல்ல, ரூபாய்–அணா–பை. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய், ஆக ரூபாய்க்கு 192 பை. 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா வந்தது. மூன்று கட்டம் ரெண்டு கட்டமாக மாறியிருந்தால் அந்தத் தேதிக்குப் பிந்திய பக்கம். லேபிளில் '1930' என்று போட்டு ரெண்டு கட்டப் பக்கம் திறந்திருந்தால் பொறுப்பாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பெயர்களைப் பாருங்கள். ஒரே பெயர் அடுத்தடுத்து நாலைந்து தடவை வந்தால் கங்காணி பொய்ப் பெயர் எழுதினார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். காடர், மலசர், முதுவர், புலையர், இரவாளர் குடியிருப்புகளில் ஒரே பெயர் பலருக்கு இருப்பது சாதாரணம். அதனால்தான் பக்கத்தில் தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எழுதுவார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். கைநாட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல பெயருக்கு நேரே ஒரே கட்டைவிரல் சுழி இருந்தால் வேறு கதை. பெண்கள் பெயர் தனிப் பட்டியலாக, குறைந்த கூலியில் இருக்கும்: களை பறித்தல், நாற்றங்கால், விறகு சுமத்தல். மேலே ரம்பம், யானை என்று நாம் பேசியதில் ஒரு பெண்கூட வரவில்லை என்பதையும் கவனிக்கவும்.

மே 12

ஒரு பெண்கூட வரவில்லை என்ற அந்தக் கடைசி வரிக்கு என் பதில் நாற்றங்கால். ஆனைமலை டாப்சிலிப்பில் பிரிட்டிஷ் கால வன அதிகாரி ஹியூகோ வுட் கல்லறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு கதையோடு திரும்புவார்கள்: துரை பை நிறைய தேக்கு விதையோடு நடப்பார், கைத்தடியால் மண்ணில் குத்தி ஒரு விதை போடுவார், காடு வந்தது. 1933-ல் இறந்தவர், கல்லறையில் லத்தீனில் 'என் நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிப் பார்' என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அழகான வரி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கட்டடக் கலைஞர் ரென் கல்லறையில் இருக்கும் அதே வரி.

கைத்தடிக் கதையைத் தேக்கு விதையே ஒத்துக்கொள்ளாது. விதை என்று நாம் சொல்வது கல் மாதிரிக் கொட்டை. அப்படியே மண்ணில் போட்டால் கொஞ்சம் இந்த மழைக்கு முளைக்கும், கொஞ்சம் அடுத்த மழைக்கு, மீதி முளைக்கவே முளைக்காது. ராத்திரி ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, ஒரு வாரத்துக்கு மேல் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். மேட்டுப்பாத்தியில் விதைத்து, ஒரு வருஷம் வளர்த்து, பிடுங்கி, கட்டைவிரல் கனமுள்ள நாற்றைத் தேர்ந்து, தண்டில் ஒரு அங்குலமும் ஆணிவேரில் 15 முதல் 20 சென்டிமீட்டரும் விட்டு மீதியைக் கூர்மையான கத்தியால் நறுக்கினால் நாற்றுக்குச்சி. கத்தி மழுங்கியிருந்தால் வேர் நசுங்கும், அழுகும். மழைக்குச் சற்று முன்னால் கடப்பாரையால் குழி போட்டு, குச்சியின் கழுத்து தரைமட்டத்துக்கு வரும்படி இறக்கி, பக்கத்து மண்ணைக் கடப்பாரையால் நெருக்கவேண்டும். உள்ளே காற்றுப் பை நின்றால் குச்சி காய்ந்துபோகும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு 2,500 குழி. முதல் வருஷம் ரெண்டு மூன்று களை. ஒரு கைத்தடி எத்தனை குழி போடும்?

மே 12, மாலை

வுட்டுக்காக ஒரு வார்த்தை. அவர் பெயர் நிற்பது விதை போட்டதற்காக மட்டுமல்ல, மறுதாம்புக்காகவும், அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மரத்தைத் திரும்ப வளர்ப்பதற்காகவும். மரத்தைத் தரையோடு ஒட்டி, சாய்வாக, வழுவழுப்பாக வெட்டினால் மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும், கட்டையிலிருந்து துளிர் வரும். உயரத்தில் வெட்டினால் துளிர் உயரத்திலேயே முளைத்துக் காற்றில் பிய்ந்துபோகும். சொன்னவர் அதிகாரி. குனிந்து, தரையிலிருந்து அரை முழத்துக்குள், பட்டை கிழியாமல் வெட்டியது வேறு ஆள். உயரத்தில் நின்று வெட்டுவது சுலபம், தாழ்வாக வெட்டினால் இடுப்புப் போய்விடும். ஆகவே நேற்றைய கட்டையைவிட இன்றைய கட்டை உயரமா என்று மேற்பார்வையாளர் அளந்துகொண்டே இருக்கவேண்டியிருந்தது. தாழ்ந்த அடிக்கட்டை பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மே 13

ஒரு ஹெக்டேருக்கு 2,500 குழி சரி. களைக்கான கூலி பணமாக மட்டும் போகவில்லை என்பதைச் சேர்க்கவேண்டும். பர்மாவில் 1850-களில் வன அதிகாரி பிராண்டிஸ் தொடங்கிவைத்த முறையில், தேக்கு வரிசைகளுக்கு நடுவில் குடிகள் தங்கள் பயிரை ஓரிரு வருஷம் போட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு நாற்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அரசுக்குக் களையெடுப்பு இலவசம். நம் மலைகளில் குமரி என்ற காடெரிப்பு விவசாயத்தைத் தடைசெய்த அதே வனத்துறைகள், தேக்கோடு சேர்ந்து வந்தால் அதே விவசாயத்தை அனுமதித்தன.

மே 15

போட்டோக்கள். மரம் வெட்டும் படத்தில் ரம்பம் பாதி மரத்துக்குள் இருக்கும், கீழே தூள் குவியல் இருக்கிறதா பாருங்கள். தூள் இல்லையென்றால் படத்துக்காக நிற்கவைத்தது. தப்பில்லை, அந்தக் காலக் கேமராவுக்கு அசையாமல் நிற்கவேண்டும். ஆனால் நிற்கவைத்தவர் ஒரு அடுக்கு வைத்திருப்பார்: தடிமேல் உட்கார்ந்திருப்பவர், பக்கத்தில் நிற்பவர், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டவர். ஓரத்துக்காரர் கையில் இருக்கும் கருவி என்ன என்று பெரிதாக்கிப் பாருங்கள், அறையில் இருக்கும் கருவி அதுவாகவே இருக்கலாம். கால்களையும் பாருங்கள். பூட்ஸ் எத்தனை, வெறுங்கால் எத்தனை.

சரிவில் தடி இறக்கும் படம் கிடைத்தால் இடத்தைக் கேளுங்கள். டாப்சிலிப்புக்குப் பெயர் வந்ததே தடியை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால். பரம்பிக்குளம் பக்கம் தண்டவாளம் தெரிந்தால் கொச்சி சமஸ்தான வன டிராம்வேயாக இருக்கும்: சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர், 1907 முதல் 1963 வரை ஓடியது. செங்குத்தான இடங்களில் இறங்குகிற பாரவண்டியின் எடை, கம்பிவடத்தில் கட்டிய காலி வண்டியை மேலே இழுக்கும். எஞ்சின் தேவையில்லை, பிரேக்காரர் கண் இமைக்காமல் இருந்தால் போதும்.

மே 16

கட்டடத்தையே யாரும் பார்க்கவில்லை. பழைய வன பங்களா என்றால் உத்தரம் தேக்காக இருக்கும். அறைக்கு நடுவில் நின்று அண்ணாந்து டார்ச் அடியுங்கள். குறுக்கே சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிகள்: வாச்சி என்ற கைக்கருவியால் செதுக்கியது. நேர்கோடுகள், ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல், சாய்வு மாறி மாறி: ரெண்டாள் பலகை ரம்பம், கோடு சாய்வு மாறும் இடம்தான் ஆள் நிற்கும் இடத்தை மாற்றிய இடம். வில் வில்லாகக் கோடுகள்: மில்லில் வட்ட ரம்பத்தில் அறுத்தது. இதற்கு டிக்கெட்டில் சேர்த்தி இல்லை, லேபிளும் இல்லை. மியூசியத்திலேயே பெரிய காட்சிப்பொருள் தலைக்குமேல் இருக்கிறது.

மே 19

பேரேட்டுக்குத் திரும்புகிறேன், 11-ம் தேதிக் குறிப்பில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. அது வெறும் காட்சிப்பொருள் அல்ல. 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டத்தில் உரிமை கோருகிறவர்கள் காட்டவேண்டிய சான்றுகளில் அரசு ஆவணங்கள், வனத்துறையின் செயல்திட்டங்கள், பழைய அறிக்கைகள், வரைபடங்கள் எல்லாம் வரும். வேலைக்கு ஆள் வேண்டும் என்று வனத்துறையே குடியமர்த்திய வன கிராமங்களை வருவாய்க் கிராமமாக மாற்றும் உரிமையும் அதே சட்டத்தில், பிரிவு 3(1)(எச்)-ல் இருக்கிறது. ஒரு குடியிருப்பின் பெயரும் ஆட்களின் பெயரும் தேதியோடு இருக்கும் பக்கம் எவ்வளவு பெறும் என்று யோசியுங்கள்.

மே 19, மாலை

பெறும். ஆனால் அதை மட்டும் நம்பி அலையவேண்டாம். விதிப்படி குறைந்தது ரெண்டு வகைச் சான்று வேண்டும், அதில் ஒன்று ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமாக, எழுத்தில், இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று கமிட்டி அடம்பிடிக்கக் கூடாது என்று 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. விண்ணப்பம் கிராம சபைக்கு. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன் இருந்ததைக் காட்டினால் போதும், மற்ற வனவாசிகள் 75 வருஷம் காட்டவேண்டும். பழைய பேரேடு அதிகம் உதவுவது இந்த ரெண்டாவது கூட்டத்துக்கு. பொறுப்பாளரிடம் கேட்டுப் பக்கத்தைப் படம் எடுக்கும்போது முன்பக்க அட்டை, பக்க எண், ஓரத்து முத்திரை மூன்றும் சேர்ந்து விழவேண்டும். தனிப் பக்கத்தின் படம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

மே 23

கேள்வி கேட்டவன்தான். எண்ணிப் பார்த்தேன்: ரம்ப முதுகு, வில், வாரும் பல், சுத்தியல் எழுத்து, கீல், சங்கிலி உள்பக்கம், மணி, தடி மூக்கு, மூன்று கட்டம், கைநாட்டு, தூள் குவியல், உத்தரம். இருபது நிமிஷம் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ரம்பம் ரெண்டும் துருவேறி ஆணியில் தொங்குகிறது. பொறுப்பாளரிடம் என்ன சொல்லலாம்?

மே 23, இரவு

முதலில் எமரித் தாள் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துருவோடு சேர்ந்து அரத் தடமும், தகட்டில் கம்பெனி பொறித்த எழுத்தும் போய்விடும். உலர்ந்த துணியால் தூசி துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். சுவரோடு ஒட்டவிடக் கூடாது, மழைக்காலத்தில் சுவர் ஈரம் தகட்டுக்கு இறங்கும். ரெண்டு முனையில் ரெண்டு ஆணி அடித்து நடுவில் தொங்கவிட்டால் தகடு காலப்போக்கில் வளைந்துபோகும். முதுகை முழுக்கத் தாங்குகிற ஒரு மரச்சட்டத்தில், பல் வெளியே தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். சட்டம் தேக்காக இருக்கவேண்டியதில்லை.

மே 24

என் கணக்கில் ஒரு திருத்தம். 8-ம் தேதி கூலி 'கணக்கு எடைக்கு' என்று எழுதியிருந்தேன். கணக்கு அளவுக்கு என்று படிக்கவும், எடை அங்கே வரவே இல்லை.